கவர்னரின் சீஃப் ஆஃப் ஸ்டாஃப்: யார், எப்படி வருகிறார், என்ன செய்கிறார்?

அமெரிக்காவில் மாநில கவர்னர் என்றதும் நம் ஊர் ஆளுநரை நினைத்துவிட வேண்டாம். அங்கே கவர்னரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதிகாரத்தைப் பார்த்தால் நம் முதலமைச்சரோடுதான் ஒப்பிட வேண்டும். அவருடைய அலுவலகத்தை நடத்துகிறவர் சீஃப் ஆஃப் ஸ்டாஃப். பத்திரிகைகள் 'தலைமைப் பணியாளர்' என்று எழுதுகின்றன. அந்தச் சொல்லில் பதவியின் கனம் தெரிவதில்லை.

கலிபோர்னியாவையே எடுத்துக்கொள்வோம். துறைகளுக்குத் தலைமை வகிக்கும் செயலர்களை கவர்னர் நியமித்தால் மாநில செனட் ஒப்புதல் தர வேண்டும். சீஃப் ஆஃப் ஸ்டாஃபுக்கு அது தேவையில்லை. தேர்தல் கிடையாது, நிலையான பதவிக்காலமும் கிடையாது. கவர்னருக்கு நம்பிக்கை இருக்கும்வரை வேலை. பெயர்கூட மாறும்: ஜெர்ரி பிரவுன் 2011இல் மறுபடி கவர்னரானபோது அதே வேலைக்கு 'எக்ஸிக்யூட்டிவ் செகரட்டரி' என்று பெயர். நியூயார்க்கில் 'கவர்னரின் செயலர்'.

யார் கவர்னரைப் பார்க்கலாம், எந்தக் கோப்பு எப்போது அவர் மேசைக்குப் போகும், காலியான பதவிக்கு எந்தப் பெயர் பரிசீலனைக்கு வரும் என்பதெல்லாம் இவர் வழியாகத்தான் நடக்கும். ஜனவரி 10க்குள் கவர்னர் பட்ஜெட்டை வைக்க வேண்டும். ஜூன் 15க்குள் சட்டமன்றம் நிறைவேற்ற வேண்டும். இடைப்பட்ட பேரத்தில் கவர்னர் சார்பில் இவரும் உட்காருவார்.

நெருக்கடி முற்றுவது செப்டம்பர், அக்டோபரில். சாதாரண நாளில் ஒரு மசோதா வந்தால் கவர்னருக்கு 12 நாள் அவகாசம். கூட்டத்தொடர் முடியும் சமயத்தில் குவிகிறவற்றுக்கு 30 நாள். கையெழுத்தும் போடாமல் வீட்டோவும் செய்யாமல் விட்டால் மசோதா தானாகவே சட்டமாகிவிடும். அதனால் ஒன்றுகூட நழுவக் கூடாது. ஒவ்வொரு மசோதாவுக்கும் சம்பந்தப்பட்ட துறை ஓர் அறிக்கை எழுதித் தரும்: என்ன செலவாகும், யார் ஆதரவு, யார் எதிர்ப்பு, கையெழுத்துப் போடலாமா. 2023இல் கவர்னர் கவின் நியூசம் 890 மசோதாக்களில் கையெழுத்திட்டார், 156ஐ வீட்டோ செய்தார். இத்தனையையும் ஒரே மனிதர் வரிவரியாகப் படித்து முடிவெடுக்க முடியாது. எதை அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும், எதைத் துறையின் பரிந்துரைப்படியே விடலாம் என்று பிரித்துக் கொடுப்பதில்தான் இந்தப் பதவியின் உண்மையான பலம் இருக்கிறது.

இதற்கென்று படிப்போ தேர்வோ இல்லை. கிரே டேவிஸ் 1975 முதல் 1981 வரை ஜெர்ரி பிரவுனின் சீஃப் ஆஃப் ஸ்டாஃப். பிறகு சட்டமன்ற உறுப்பினர், மாநிலக் கணக்குக் கட்டுப்பாட்டாளர், துணை கவர்னர் என்று படிப்படியாக ஏறி 1999இல் தானே கவர்னரானார். 2003இல் மக்கள் வாக்களித்து, பதவிக்காலம் முடியும் முன்பே அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். அந்த நாற்காலிக்கு அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் வந்தார். 2005 நவம்பரில் ஷ்வார்ஸ்நெகர் முன்நின்று மக்கள் வாக்கெடுப்புக்கு விட்ட தீர்மானங்களை வாக்காளர்கள் தோற்கடித்தபோது அவர் யாரைக் கூப்பிட்டார் தெரியுமா? டேவிஸின் அலுவலகத்திலேயே உயர் பொறுப்பில் இருந்த சூசன் கென்னடியை. ஜனநாயகக் கட்சியின் மாநில நிர்வாக இயக்குநராக இருந்தவர், குடியரசுக் கட்சி கவர்னருக்கு வலது கையானார். ஷ்வார்ஸ்நெகரின் சொந்தக் கட்சியினர் கொதித்தார்கள். ஆனால் மறு ஆண்டே பருவநிலைச் சட்டம் நிறைவேறியது, ஷ்வார்ஸ்நெகரும் மறுபடி ஜெயித்தார். எதிர்த்தரப்போடு பேசத் தெரிந்தவரே இந்த வேலைக்குப் பொருத்தம் என்று நான் நம்புவதற்கு இதுவே காரணம்.

கட்டுப்பாடுகளும் உண்டு. தன் சொத்து, வருமான விவரங்களைப் 'படிவம் 700'இல் ஆண்டுதோறும் காட்ட வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். பதவியை விட்டபின் ஓராண்டுக்கு, காசு வாங்கிக்கொண்டு பிறருக்காக அதே அலுவலகத்திலும் கவர்னரின் கீழுள்ள துறைகளிலும் பேரம் பேசக் கூடாது. என் பார்வையில் ஓராண்டு போதவே போதாது; அதே கவர்னர் இன்னும் பதவியில் இருக்கக்கூடும். இன்னொரு குறை: மாநிலத்தின் பொது ஆவணச் சட்டம் கவர்னருக்கும் அவர் அலுவலக ஊழியர்களுக்கும் வரும் போகும் கடிதங்களுக்கு விலக்கு அளித்திருக்கிறது. யார் எழுதி எந்த மசோதா திசை மாறியது என்பதைக் கேட்டு வாங்குவது கடினம்.

கலிபோர்னியாவில் குடியிருப்பவர்கள் ஒரு மசோதா பற்றிக் கருத்துச் சொல்ல விரும்பினால், அது இரு அவைகளையும் கடந்து கவர்னர் அலுவலகத்துக்குப் போன உடனே எழுதுங்கள். மசோதா எண்ணையும், ஆதரவா எதிர்ப்பா என்பதையும் முதல் வரியிலேயே போடுங்கள்.