பெட்டியில் 525 மடங்கு, கண்ணில் வெறும் மங்கல்

வான்நோக்கு இரவுகள் நடத்துவதும் பழுதான டெலஸ்கோப்புகளைச் சரிசெய்து கொடுப்பதும் என் வேலை. என் மேசைக்கு வருகிற சின்ன டெலஸ்கோப்புகளில் பாதிக்குமேல் எந்தப் பழுதும் இருக்காது. "வாங்கி ஒரு வருஷம் ஆச்சு சார், நிலாவைத் தவிர ஒண்ணும் தெரியல" என்று கொண்டுவருவார்கள். எந்த ஐபீஸைப் (கண்ணை வைத்துப் பார்க்கிற, மாற்றிப் போடக்கூடிய சின்ன லென்ஸ் குழல்) போட்டுப் பார்த்தீர்கள் என்று கேட்பேன். இருப்பதிலேயே குட்டியானதை, அதுவும் உருப்பெருக்கத்தை இன்னும் கூட்டுகிற பார்லோ லென்ஸோடு சேர்த்து என்பார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. பெட்டி மேலேயே கொட்டை எழுத்தில் 525 மடங்கு என்று போட்டிருக்கிறதே! அந்த எண்ணின் கதை இதுதான். குழாயின் குவியத் தூரம், அதாவது முன்லென்ஸிலிருந்து ஒளி குவிகிற இடம் வரையான தூரம், 700 மி.மீ.; அதை ஐபீஸின் குவியத் தூரமான 4 மி.மீ.-ஆல் வகுத்தால் 175. கூடவே தருகிற 3 மடங்கு பார்லோவால் பெருக்கினால் 525. குழாய் 900 மி.மீ. என்றால் பெட்டியில் 675 என்று இருக்கும். கணக்கு சரிதான், காட்சிதான் கிடைக்காது. முன்லென்ஸின் விட்டம் எத்தனை மி.மீ. என்று பார்த்து இரட்டிப்பாக்குங்கள். உருப்பெருக்கத்துக்கு ஏறக்குறைய அதுதான் எல்லை. 70 மி.மீ. லென்ஸுக்கு 140. அதைத் தாண்டினால் உருவம் பெரிதாகுமே தவிர, புதிதாக ஒரு விவரமும் வராது. இருக்கிற வெளிச்சமும் நீர்த்துப்போகும். போதாததற்கு, பூமி சுழல்வதால் 525 மடங்கில் வியாழன் இருபது நொடிக்குள் காட்சியை விட்டு ஓடிவிடும்.

1610-இல் கலிலியோ வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்டது சுமார் 20 மடங்குக் கருவியில். சனியின் வளையம் வளையமாகத் தெரிய 30, 40 மடங்கு போதும். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை, கண்ணால் பார்த்த பிறகுதான் நம்புகிறார்கள்.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? விட்டமும் குவியத் தூரமும்தான் டெலஸ்கோப்பின் ஜாதகம். 70 மி.மீ. லென்ஸ், இருட்டில் நன்றாக விரிந்த கண்மணியைவிட நூறு மடங்கு ஒளியைச் சேர்க்கும். 60-க்குக் கீழே போகாதீர்கள். முடிந்தால் 80, 90. குவியத் தூரத்தை விட்டத்தால் வகுத்துப் பாருங்கள். விட்டம் 70, குவியத் தூரம் 700 என்றால் 10. விட்டம் 80, குவியத் தூரம் 400 என்றால் 5. விலை குறைந்த ரிஃப்ராக்டரில் (லென்ஸால் ஒளியைக் குவிக்கிற டெலஸ்கோப்) இரண்டு வகைக் கண்ணாடியைச் சேர்த்த லென்ஸ் இருக்கும். அது எல்லா நிறங்களையும் ஒரே புள்ளியில் குவிக்காது. அதனால் நிலாவின் ஓரத்திலும் பிரகாசமான நட்சத்திரங்களைச் சுற்றியும் ஊதா நிறம் கசியும். விட்டம் ஒன்றாக இருந்தால், அந்த வகுத்த எண் பெரிதாகப் பெரிதாகக் கசிவு குறையும். நிலா, கோள்கள் பார்க்க 10-ஐ ஒட்டிய நீளக் குழாய் நல்லது. குட்டைக் குழாய் கையில் எடுத்துப்போக வசதி, கார்த்திகை மாதிரி விரிந்த நட்சத்திரக் கூட்டங்களுக்கு அழகு. கோள்களுக்கு அவ்வளவாகச் சரிப்படாது.

அடுத்தது முக்காலி. வாங்குபவர் கடைசியில் பார்ப்பதும், நான் முதலில் பார்ப்பதும் இதைத்தான். கருவியை நிறுத்தி, ஏதாவது ஒரு தொலைதூர விளக்கைக் காட்சிக்குள் கொண்டுவந்து, குழாயை விரலால் லேசாகத் தட்டுங்கள். இரண்டு மூன்று நொடியில் ஆட்டம் அடங்கினால் நல்ல முக்காலி. ஐந்து நொடி தாண்டியும் ஆடினால் வேண்டாம். லென்ஸ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம். ஆடுகிற முக்காலியில் 90 மி.மீ. வைத்திருப்பவரைவிட, அசையாத முக்காலியில் 70 மி.மீ. வைத்திருப்பவர் அதிகம் பார்க்கிறார். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? முக்காலியின் கால்களை முழுதாக நீட்டாமல் வைத்து, நீங்கள் உட்கார்ந்து பாருங்கள், அதன் நடுவில் ஒரு கனமான பையைத் தொங்கவிடுங்கள். பாதி ஆட்டம் போய்விடும். வான்துருவத்தை நோக்கிச் சாய்ந்த அச்சில் சுழல்கிற மலிவான ஈக்வடோரியல் தாங்கிகளைவிட, மேல்கீழ், இடவலம் மட்டும் திரும்புகிற சாதாரணத் தாங்கியே தொடக்கத்துக்கு நல்லது என்பது என் கட்சி.

துணைக்கருவிகளில் காசு போட வேண்டிய இடம் ஐபீஸ். எச் 20, எஸ்ஆர் 4 என்று எழுதியவை இருந்தால், அவை மிகப் பழைய, எளிய வடிவங்கள். எஸ்ஆர் 4-இன் துளை ஊசிக்கண் மாதிரி. அதில் கண்ணை வைப்பதே ஒரு வித்தை. அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டு 25 அல்லது 32 மி.மீ. பிளாசல் வகை ஐபீஸ் ஒன்றும், 10 மி.மீ. ஒன்றும் வாங்குங்கள். 700 மி.மீ. குழாயில் 25-க்கு 28 மடங்கு, 10-க்கு 70 மடங்கு. பிறகு தேவைப்பட்டால் ஒரு நல்ல 2 மடங்கு பார்லோ. 140 வந்துவிடும், அதோடு எல்லை முடிந்தது. ஐபீஸ் குழல் 1.25 அங்குலம் இருக்கிறதா என்று மட்டும் வாங்கும்முன் பாருங்கள். 0.965 அங்குலம் என்றால் பிற்பாடு மாற்று ஐபீஸ் தேடி அலைய வேண்டும். ஃபைண்டராக, அதாவது பார்க்க வேண்டியதைக் குறிபார்க்க மேலே மாட்டுகிற துணைக்கருவியாக, சின்னப் பிளாஸ்டிக் குழலைவிடச் சிவப்புப் புள்ளி ஃபைண்டர் எவ்வளவோ மேல்.

ஒரு சோதனை சொல்கிறேன். தூரத்துப் பொருளுக்கு ஃபோகஸ் செய்துவிட்டு, ஐபீஸுக்குப் பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். முன்லென்ஸை ஒட்டி ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்து, விழுகிற ஒளிவட்டத்தை அளந்து பாருங்கள். 70 மி.மீ. என்று விற்ற குழாயில் வட்டம் 50 மி.மீ. வந்தால், லென்ஸின் குறையை மறைக்க உள்ளே ஒரு வளையத்தை வைத்து ஓரத்தை அடைத்திருக்கிறார்கள். எனக்கே ஒருமுறை இப்படி ஒன்று வந்து வாய்த்தது.

இனி சொல்லப்போவதை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். சில பெட்டிகளில் ஐபீஸின் அடியில் திருகுகிற கரும்பச்சைக் கண்ணாடி ஒன்று இருக்கும், சூரியனைப் பார்ப்பதற்கு என்று. முன்லென்ஸ் சேர்த்த மொத்த வெயிலும் குவிகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் அது உட்காருகிறது. சூட்டில் சட்டென்று விரிசல் விட்டால், நீங்கள் கண்ணை எடுப்பதற்குள் விழித்திரை வெந்துவிடும். விழித்திரையில் வலி தெரியாது. பார்வை போன பிறகுதான் தெரியவரும். யாராவது கருவியோடு வந்தால் அந்தக் கண்ணாடியைக் கேட்டு வாங்கி, அவர்கள் எதிரிலேயே சுத்தியலால் உடைத்துவிடுகிறேன். சூரியனுக்கான வடிகட்டி குழாயின் முன்புறத்தை முழுவதும் மூட வேண்டும்; லட்சத்தில் ஒரு பங்கு ஒளியை மட்டும் விட வேண்டும். காற்றில் கழன்றுவிடாதபடி டேப் ஒட்டுங்கள், ஒவ்வொரு முறையும் பொத்தல், கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபைண்டரைக் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள். மூடிவைத்தால் போதாதா என்பார்கள். பக்கத்தில் நிற்கிற குழந்தைக்கு அந்த மூடியைக் கழற்ற எவ்வளவு நேரம் ஆகும்?