பதினெட்டு ஆகாத பெண் கர்ப்பமாக வந்தால்: டாக்டர் போலீசுக்குப் பெயரைச் சொல்லியே ஆக வேண்டுமா?

ஓ.பி. முடிகிற நேரத்தில் ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். வயசு பத்தொன்பது என்றார். ஆதார் கேட்டதும் "வீட்ல இருக்குங்க மேடம்" என்றார், அந்தப் பெண் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திவிட்டுத் தனியாகக் கேட்டபோதுதான் பதினாறு என்றாள். ஸ்கேனில் 17 வாரம், ஹீமோகுளோபின் வெறும் 6.4. நாள் தள்ளிப்போனது தெரிந்தவுடனே, எட்டாவது வாரத்திலேயே ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். "இது போக்சோ கேஸ், போலீசுக்குச் சொல்லிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊரில் பெயர் கெட்டுவிடும் என்ற பயத்தில் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார் அம்மா. நாள் கணக்கில் ரத்தம் போயிருக்கிறது, கரு அப்படியேதான் இருந்தது.

எனக்கு அந்த அம்மாமேல் கோபம் வரவில்லை. திருப்பி அனுப்பினவர்கள்மேல்தான் வந்தது.

அவர்கள் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி பதினெட்டு வயது ஆகாத பெண் கர்ப்பமாக வந்தால் டாக்டர் போலீசுக்குத் தகவல் கொடுத்தே ஆக வேண்டும், மறைத்தால் 6 மாதம்வரை ஜெயில். ஆனால் 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூன்று பேர் அமர்வு, தெளிவாகச் சொல்லிவிட்டது: கருக்கலைப்புக்காக வரும் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் அவள் பெயரையோ மற்ற விவரங்களையோ டாக்டர் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் கிரிமினல் வழக்கு நடந்தாலும் சொல்ல வேண்டியதில்லை. தகவல் போகும், பெயர் போகாது. இது தெரியாத டாக்டர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதுதான் என் வேதனை.

"உங்க ரிஜிஸ்டர்ல எழுதுவீங்களே, அதை யாராவது பார்த்துட்டா?" என்று அந்த அம்மா கேட்டார். சரியான கேள்வி. கருக்கலைப்புக்கென்று ஒரு அட்மிஷன் ரிஜிஸ்டர் உண்டு, சட்டப்படி அது ரகசிய ஆவணம். பெயர் அதில் மட்டும்தான் இருக்கும். கேஸ் ஷீட், ஆபரேஷன் தியேட்டர் நோட்டு, திரும்ப வரும்போது கொண்டுவரும் சீட்டு எதிலும் பெயர் கிடையாது, வரிசை எண்ணும் வருஷமும்தான், 14/2024 என்கிற மாதிரி. சம்மதக் கையெழுத்து வாங்கிய தாளை உறையில் போட்டு ஒட்டி, மேலே 'ரகசியம்' என்று எழுதி வைப்போம். மாதாமாதம் அரசுக்குக் கணக்கு அனுப்புகிறோம், ஆனால் அதில் இருப்பது எண்ணிக்கைதான். கருக்கலைப்புச் சட்டத்தில் 2021இல் வந்த திருத்தத்துக்கு அப்புறம், சட்டம் அனுமதிக்காத யாரிடமாவது பெயரை வெளியே சொன்ன டாக்டருக்கு ஒரு வருஷம்வரை தண்டனை. இதையெல்லாம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கேஸ் ஷீட்டையே கையில் கொடுத்துக் காட்டினேன். இரண்டு தரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இன்னொன்று, அப்பா கையெழுத்து இல்லாமல் முடியாது என்று பல இடங்களில் சொல்கிறார்கள். தப்பு. கருக்கலைப்புச் சட்டத்தில் காப்பாளர் என்றால் அந்தச் சிறுமியைப் பராமரிப்பவர், அவ்வளவுதான். அம்மா போதும். வளர்த்த பாட்டியோ சித்தியோ கையெழுத்துப் போட்டாலும் செல்லும்.

"கல்யாணம் ஆயிடுச்சுங்க, இதுல என்ன போக்சோ" என்று பதினேழு வயதுப் பெண்ணைக் கூட்டி வருகிறவர்களும் உண்டு. கல்யாணம் ஆகியிருந்தாலும் இதே சட்டம்தான். அதற்காக வயதைக் கூட்டிச் சொல்லாதீர்கள், பதினாறு வயது உடம்பை இருபது என்று நினைத்து நான் வைத்தியம் பார்த்தால் கஷ்டம் அவளுக்குத்தான்.

கருவைக் கலைக்க 20 வாரம்வரை ஒரு டாக்டர் முடிவு செய்தால் போதும். 20லிருந்து 24 வரை இரண்டு டாக்டர்கள் வேண்டும், பதினெட்டு ஆகாதவர்களுக்கு அதற்கும் அனுமதி உண்டு. 24 தாண்டினால் பெரும்பாலும் ஹைகோர்ட்டுக்குத்தான் போக வேண்டிவரும். அந்தப் பெண்ணுக்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி, நான்கு நாள் வார்டில் வைத்திருந்துதான் அனுப்பினேன். எட்டாவது வாரத்தில் முதலில் போன இடத்திலேயே பார்த்திருந்தால், டாக்டர் கண்காணிப்பில் மாத்திரையோடு முடிந்திருக்கும்.