பாரிஸ் பட்ஜெட்டுக்கு முதலில் காலண்டரை எடுங்கள்

திருச்சியில் பதினெட்டு வருடமாக டிராவல்ஸ் நடத்துகிறேன். பாரிஸ் போக வருகிறவர்கள் உட்கார்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "தலைக்கு எவ்வளவு சார் ஆகும்?" நான் மேசைமேல் இருக்கும் மாதக் காலண்டரை அவர்கள் பக்கம் திருப்பி, "என்னைக்கு இறங்கலாம்னு இருக்கீங்க?" என்று திருப்பிக் கேட்பேன். அந்த ஊரில் எவ்வளவு செலவாகும் என்பதில் பாதியை எந்தக் கிழமையில் இறங்குகிறீர்கள் என்பது தீர்மானித்துவிடுகிறது. இதை அனுபவப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

2025 செப்டம்பரில் போன ஒரு குடும்பத்தின் கணக்கையே சொல்கிறேன். கணவன், மனைவி, பதினைந்து வயது மகள், கணவனின் அம்மா என்று நான்கு பேர். வியாழக்கிழமை இறங்கி செவ்வாய்க்கிழமை கிளம்புவதாக எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். திங்கள் காலை இறங்கி சனி கிளம்புங்கள் என்றேன். "ஒரு நாள் லீவு கூடப் போகுமே சார்" என்று கணவர் முகம் சுளித்தார். சரி, தாளில் போட்டுப் பார்ப்போம் என்று பேனாவை எடுத்தேன்.

பாரிஸில் நவிகோ என்றொரு வாரப் பாஸ் உண்டு. நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் என்று அது ஓடாது. திங்கள் முதல் ஞாயிறு வரைதான் அதன் வாரம். வியாழன் வாங்கினால் நான்கே நாள் கிடைக்கும், வெள்ளி வாங்கினால் அடுத்த வாரத்துக்குத்தான் தருவார்கள். 2025-இல் அதன் விலை 31.60 யூரோ, பாஸ் அட்டைக்குத் தனியாக 5 யூரோ. மெட்ரோ, பஸ், ரயில் எல்லாமே இதில் அடக்கம். சார்ல் த கோல் விமான நிலையமும் வெர்சாய் அரண்மனையும்கூட இதற்குள் வந்துவிடும். பாஸ் இல்லாமல் போனால் அந்த வருடம் விமான நிலைய டிக்கெட் ஒருமுறைக்கு 13 யூரோ, மற்ற மெட்ரோ, ரயில் பயணம் ஒவ்வொன்றுக்கும் 2.50. போக வர 26, ஊருக்குள் பன்னிரண்டு முறை ஏறினால் 30, வெர்சாய் போய்வர 5, ஆகத் தலைக்கு 61. பாஸ் எடுத்தால் 36.60. நான்கு பேருக்கு 97 யூரோவுக்கு மேல் மிச்சம், அதாவது நம் பணத்தில் ஏறக்குறைய பத்தாயிரம். தேதியை மாற்றுங்கள் என்றார் அவர்.

அந்த அட்டையில் போட்டோ ஒட்ட வேண்டும். மூன்று சென்டிமீட்டர் உயரம், இரண்டரை அகலம். நம் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ அதில் உட்காராது. பாட்டியின் போட்டோவை நானே கத்தரிக்கோலால் வெட்டிக் கவரில் போட்டுக் கொடுத்தேன். விமான நிலைய ரயில் கவுன்டரில் அந்தக் கவரை நீட்டினால் போதும், தூக்கக் கலக்கத்தோடு போட்டோ மெஷினைத் தேடி அலைய வேண்டாம்.

இதே விஷயத்தில் நான் செய்த தப்பையும் சொல்லிவிட வேண்டும். ஒரு தம்பதிக்கு, நவிகோ ஈஸி என்ற தனி டிக்கெட் ஏற்றும் அட்டை ஒன்று வாங்கி அதில் பத்து டிக்கெட் ஏற்றிக்கொண்டால் இரண்டு பேருக்கும் ஆகும் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். அவர் அட்டையைத் தட்ட, அந்த அம்மா அவர் முதுகை ஒட்டியே கேட்டைத் தாண்டியிருக்கிறார். வெளியே வரும் வழியில் பரிசோதகர்கள் நின்றார்கள். ஒரு ஆளுக்கு ஓர் அட்டை என்பதுதான் அங்கே விதி. அபராதத்தை அதே இடத்தில் கட்டிவிட்டு எனக்கு போன் செய்தார். அன்றிலிருந்து டிக்கெட் பற்றி எழுதும்போது "ஆளுக்கு ஒன்று" என்பதை அடிக்கோடிட்டுத்தான் கொடுக்கிறேன்.

காலண்டர் இன்னும் முடியவில்லை. லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். ஓர்சே அருங்காட்சியகத்துக்கும் வெர்சாய்க்கும் திங்கள் விடுமுறை. இது தெரியாமல் செவ்வாய்க்கிழமை லூவ்ர் வாசலில் கண்ணாடிப் பிரமிடைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். புதன், வெள்ளி இரண்டு நாளும் லூவ்ர் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும், பகலை வேறு இடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஓர்சே மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், ஆனால் முன்பதிவு செய்ய வேண்டும்.

பழைய கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு போகாதீர்கள் என்பதற்கும் லூவ்ரே உதாரணம். அந்தக் குடும்பம் போனபோது டிக்கெட் 22 யூரோ. 2026 ஜனவரி 14 முதல் ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கு அது 32 ஆகிவிட்டது. மூன்று பெரியவர்களுக்கு 66 கொடுத்த இடத்தில் இப்போது 96. போக்குவரத்துக் கட்டணமும் ஜனவரிக்கு ஜனவரி ஏறும். போன வருடம் போய்வந்த மச்சான் சொன்ன தொகை இந்த வருடத்துக்கு ஆகாது.

பதினைந்து வயதுப் பெண் என்றேன் அல்லவா? அவளை வைத்துத்தான் பலர் கணக்கில் இடறுகிறார்கள். விசாவில் அவள் பெரியவள், மெட்ரோவிலும் பெரியவள். லூவ்ரில் பதினெட்டுக்குக் கீழ் எந்த நாட்டவரானாலும் இலவசம் என்பதால் அங்கே குழந்தை. விடுதி வரியிலும் குழந்தை. ஒவ்வொரு கவுன்டரிலும் வயதுக்கு ஒரு கணக்கு. அதனால் ஆள் தலையை எண்ணிப் பெருக்காமல், ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு வரி எழுதச் சொல்வேன்.

விடுதி வரி என்பது அறை வாடகைக்கு மேல் வருவது. முன்பதிவுத் தளத்தில் பார்த்த விலையில் பெரும்பாலும் அது சேர்ந்திருக்காது, வரவேற்பு மேசையில்தான் கேட்பார்கள். 2024-இல் இதைக் கிட்டத்தட்ட மூன்று மடங்காக்கிவிட்டார்கள். மூன்று நட்சத்திர விடுதியில் ஒரு பெரியவருக்கு ஓர் இரவுக்கு 5 யூரோவுக்கு மேல், நான்கு நட்சத்திரம் என்றால் 8-க்கு மேல். மூன்று பேர், ஐந்து இரவு, 75 யூரோவுக்குக் குறையாது.

விசாவுக்குப் பெரியவருக்கு 90 யூரோ, ஆறு முதல் பன்னிரண்டுக்குள் இருந்தால் 45. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் தனி. விசா மறுத்தாலும் கட்டிய பணம் திரும்பாது. அதனால் விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையை மட்டுமே போடுங்கள். மலிவாக இருக்கிறதே என்று திரும்பாத அறையைப் போட்டுவிட்டு என்னிடம் வந்து அழுதவர்கள் உண்டு. "பேங்க்ல எவ்வளவு காட்டணும்?" என்பார்கள். விடுதி பதிவு இருந்தால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 65 யூரோ, இல்லாவிட்டால் 120 என்பது பிரான்ஸின் கணக்கு. விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் கைமாற்று வாங்கிக் கணக்கில் போடும் வேலை வேண்டாம். அது ஸ்டேட்மென்ட்டைப் பார்த்ததும் தெரிந்துவிடும்.

யூரோ விலையை அன்றைய ரேட்டில் வைத்துப் பெருக்குவது அடுத்த தவறு. வங்கி அட்டையில் அந்நியச் செலாவணிக்கென்று மூன்று, மூன்றரை சதவீதம்வரை பிடிப்பார்கள், அந்தப் பிடிப்புக்கு ஜிஎஸ்டி வேறு. நான் ஒரு யூரோவை 110 ரூபாய் என்று போட்டுத்தான் தாள் எழுதுவேன். ரேட் அதைத் தாண்டினால் இன்னும் பத்து ரூபாய் கூட்டிக்கொள்வேன். மிச்சமானால் உங்களுக்கு லாபம். பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ் என்று முன்கூட்டியே ஒரு வரித் தொகை பிடிப்பார்கள். அது போய்விடாது, வருமான வரிக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கிளம்பும் நேரத்தில் கையில் இருக்காது என்பதை மறக்கக் கூடாது.

கடையில் அட்டையைச் செருகினால் சில மெஷின்கள் ரூபாயா, யூரோவா என்று கேட்கும். நம் பணத்தில் இருந்தால் புரியுமே என்று ரூபாயை அழுத்திவிடுவோம். அந்த மெஷின்காரர் வைத்த ரேட்டில் கணக்காகி, தேவையில்லாமல் பணம் போகும். எப்போதும் யூரோவையே அழுத்துங்கள். பணம் எடுக்கும் இயந்திரத்திலும் இதே கதைதான்.

சாப்பாட்டுக்கு வருவோம். பாட்டிக்கு முட்டைகூட ஆகாது என்று ஒரு பை நிறைய சாமான் கட்டியிருந்தார்கள். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் சரி. நெய்யையும் பால் பவுடரையும் எடுத்து வெளியே வைக்கச் சொன்னேன். பால் பொருளும் இறைச்சியும் பயணிகள் பையில் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரக் கூடாது. கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் வேண்டும். இதெல்லாம் இல்லாமல் எப்படி என்று பாட்டி கேட்டார். வடக்கு ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் லா சப்பல் இருக்கிறது. ஈழத் தமிழர்களின் கடைத்தெரு அது, பெயர்ப் பலகைகள் தமிழிலேயே இருக்கும். கறிவேப்பிலை, இடியாப்பம், தோசை எல்லாம் அங்கே கிடைக்கும். பக்கத்திலேயே பிள்ளையார் கோயிலும் உண்டு. அதற்காகவே அவர்களுக்கு அந்தப் பக்கம் சமையலறையோடு கூடிய அறை பார்த்துக் கொடுத்தேன். நான்கு பேருக்கு இரண்டு விடுதி அறை எடுப்பதைவிட அது சிக்கனமாகவும் வந்தது.

மற்றவர்கள் மதியம் வெளியே சாப்பிட்டார்கள். மதியத்துக்கென்று 'ஃபொர்ம்யூல்' என்று இரண்டு அயிட்டம் சேர்த்து 15 முதல் 20 யூரோவுக்குள் தருவார்கள். ராத்திரி அதே நாற்காலிக்கு அதைவிடக் கூடும். தண்ணீர் பாட்டில் கேட்காதீர்கள். "யூன் காராஃப் தோ" என்றால் கூஜாவில் குழாய்த் தண்ணீர் வரும், காசு கிடையாது, சட்டமே அப்படி. டிப்ஸும் கட்டாயமில்லை, பில்லிலேயே சேவைக் கட்டணம் அடக்கம். காபியை நின்றுகொண்டே குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் இன்னொரு விலை. இது எனக்குக் கொஞ்சம் அநியாயமாகத்தான் தோன்றும், ஆனால் விலைப் பட்டியலில் ஒளிக்காமல் எழுதி வைத்திருப்பார்கள்.

ஐஃபல் கோபுர உச்சிக்கு லிஃப்டில் போக பெரியவருக்கு 35 யூரோவுக்கு மேல். அவர்கள் ஏறவில்லை. எதிரே த்ரோக்கதேரோ மேட்டில் நின்று, இருட்டியபின் மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கோபுரம் மினுமினுப்பதைப் பார்த்தார்கள். 2024 டிசம்பரில் மறுபடி திறந்த நோத்ர தாம் தேவாலயத்துக்கு நுழைவுக் கட்டணமே இல்லை. அதற்கு யாராவது டிக்கெட் விற்றால் அது ஏமாற்று.

ஊர் திரும்பியதும் அந்தக் கணவர் நான் எழுதிக் கொடுத்த தாளோடு வந்தார். 180 யூரோ மீதம். நோட்டுகளை மாற்றிக் கொடுத்துவிட்டேன். கூடவே ஒரு டப்பா நிறைய சில்லறையைக் கொட்டினார், எண்ணினால் 23 யூரோ. நாணயத்தை இங்கே எந்த மணி சேஞ்சரும் வாங்க மாட்டார். கடைசி நாள் காலை ரொட்டிக் கடையில் சில்லறையைத் தீர்த்துவிடச் சொல்லியிருக்க வேண்டும், அதை நான் தாளில் எழுத மறந்துவிட்டேன். டப்பா இப்போது என் மேசையில்தான் இருக்கிறது. அடுத்து பாரிஸ் கிளம்புகிறவரிடம் விமான நிலையத்தில் காபி குடிக்கச் சொல்லி விற்றுக் கொடுப்பதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன்.