ஆற்றுச் சேறு மனைக்கு ஆகுமா?

மியன்மாரில் ரங்கூன் ஆறும் பகோ ஆறும் சேரும் மங்கி பாயின்ட் பக்கம் கப்பல் தடத்தில் மண் படிந்துகொண்டே இருக்கும். அள்ளுவதும் ஓயாது. மணலாக வந்தால் மனையை மேடாக்க ஆள் போட்டி போடுவார்கள். சேறாக வந்தால் யாரும் சீண்டமாட்டார்கள். அந்தச் சேற்றையும் சிமெண்ட் கலந்து நல்ல மண்ணாக்கலாம். ஆனால் கண் அளவில் செய்கிற வேலை இல்லை.

தன்லினில் எங்களுக்குத் தெரிந்த பெரியப்பா ஒருவர், மழைக்கு முன்னே முடிக்கவேண்டுமென்று பள்ளத்தில் சேற்றைக் கொட்டி, மேலே சிமெண்டைத் தூவி மண்வெட்டியால் கிளறிவிட்டார். பத்து நாளில் ஓடு மாதிரி இறுகிவிட்டது. "கல்லாயிருச்சு, பாரு தம்பி" என்றார். கடப்பாரையைப் போட்டேன். ஒரு சாண் வரை ணங்கென்றது. அப்புறம் சொருகிக்கொண்டு போனது. இழுத்தால் முனையில் கறுப்புச் சேறு, அழுகின இலை நாற்றம். நல்லவேளை, சுவர் எழுப்பியிருக்கவில்லை.

சிமெண்ட் தான் போய்ச் சேர்ந்த இடத்தை மட்டும்தான் இறுக்கும். சேற்றுக் கட்டி உடையாவிட்டால் உள்ளே சேறு சேறாகவே கிடக்கும். காய்ந்த மண்ணின் எடைக்கு மேலேயே தண்ணீர் இருக்கிற சேறும் உண்டு. தண்ணீர் கூடக் கூட சிமெண்டும் கூட வேண்டும். மக்கின இலைதழை இருந்தால் இறுகுவது தள்ளிப்போகும். ஒரு கன மீட்டர் சேற்றுக்கு 50 முதல் 100 கிலோ சிமெண்ட் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்குதான். உங்கள் சேற்றுக்கு எவ்வளவு என்பதைச் சோதனைதான் சொல்லும்.

ஜப்பானில் 2005-இல் திறந்த சூபு விமான நிலையத்துக்காகக் கடலில் உண்டாக்கிய தீவுக்கு, நகோயா துறைமுகத்தில் தோண்டிய சேற்றையும் பயன்படுத்தினார்கள். காற்றழுத்தத்தில் குழாய்க்குள் ஓடும்போதே சேறும் சிமெண்டும் கலந்துவிடும். அத்தனை கவனம் கலப்பதற்கு!

எங்கள் மண் சோதனைக்கூடத்தில் ஒரே சேற்றை மூன்று அளவு சிமெண்டில் அச்சுப் போட்டு, 7, 28 நாளில் நசுக்கிப் பார்ப்போம். களத்தில் கலவை இவ்வளவு சீராக வராது. அதனால் தேவைக்கு மேலேயே வலு வைத்துக் கணக்குப் போடுவோம்.

இன்னொன்று, சிமெண்ட் கலந்த மண்ணில் சுண்ணாம்பு மாதிரிக் காரம் அதிகம். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். வழியும் தண்ணீர் கிணற்றுக்கோ மீன்குளத்துக்கோ போகாமல் வரப்புப் போடுங்கள். செடி வைக்கிற இடத்தில் மேலே வேறு மண் பரப்புங்கள்.

சோதனைக்குச் சேறு கொண்டுவருகிறவர்கள் மூன்று இடத்தில் அள்ளி, தனித்தனி வாளியில் இறுக மூடிக் கொண்டுவாருங்கள். வழியில் தண்ணீர் வற்றினால் கணக்கே மாறிவிடும்.