பத்து கிராம் சுத்தியல், கால் கிலோ கனம்

கோவையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "மகள் இரண்டு வருஷமாக 61 கட்டை கீபோர்டில் பழகுகிறாள். இப்போது பியானோ கிரேடு தேர்வுக்குத் தயாராகிறாள். டீச்சர் வீட்டுப் பியானோவில் உட்கார்ந்தால் பாதி சுரம் கேட்பதே இல்லை. வெயிட்டட் கீ, அதாவது கனம் வைத்த கட்டை, உள்ளதாக வாங்குங்கள் என்கிறார் டீச்சர். எங்கள் வீடு சின்னது. அடக்கமாக எதை வாங்கலாம்? அந்த வெயிட் நிஜமாகவே தேவையா?"

தேவைதான். காரணம் ஓர் அழகான இயற்பியல். அதை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் கடைக்குப் போவோம்.

ஆர்மோனியத்தில் கட்டையை மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அடித்தாலும் சத்தம் ஒன்றுதான். கட்டை காற்றுக்கு வழி திறக்கிறது, அவ்வளவே. சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் துருத்தி போடும் கை. ஐரோப்பாவின் ஹார்ப்சிகார்டிலும் கிட்டத்தட்ட இதே நிலைமை. கட்டையை அழுத்தினால் ஓர் இறகுமுனை கம்பியை மீட்டிவிடும். விரலின் வேகம் ஒலியில் பெரிதாகத் தெரியாது. இத்தாலியில் ஃபுளோரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பத்திடம் வேலை பார்த்த பார்த்தொலோமியோ கிறிஸ்தோஃபோரி, 1700 வாக்கில், கம்பியை மீட்டாமல் சுத்தியலால் அடிக்கும் கருவி ஒன்றைச் செய்தார். அவர் கையால் செய்த மூன்று பியானோக்கள் நியூயார்க், ரோம், லைப்சிக் அருங்காட்சியகங்களில் இன்றும் இருக்கின்றன.

அதில் ஒரு நுட்பம் உண்டு. சுத்தியல் கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன் கட்டை அதை விட்டுவிடுகிறது. கடைசிச் சில மில்லிமீட்டரைச் சுத்தியல் தானாகவே பறந்து கடக்கிறது. கேரமில் ஸ்ட்ரைக்கரைச் சுண்டிய பிறகு விரலுக்கு அதன்மேல் அதிகாரம் இல்லை அல்லவா, அதே மாதிரி. கம்பிக்குப் போய்ச் சேரும் செய்தி சுத்தியலின் வேகம் ஒன்றுதான்.

அந்தச் சுத்தியல் கம்பியில் மோதும் கணத்தில் என்ன நடக்கிறது என்று 1920இல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. எழுதிய இருவரில் ஒருவர் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன். மிருதங்கம், தபலாவின் ஒலியையும் அவர் அதே காலத்தில் ஆராய்ந்தார். கல்கத்தாவில், எளிய கருவிகளை வைத்துக்கொண்டு செய்த வேலை அது. நாகசுரத்தின் சீவாளியையும் வீணையில் மெட்டுகளைப் பதிக்கும் மெழுகு மேளத்தையும் அந்த அக்கறையோடு ஆராய இன்றைய இளம் ஆய்வாளர் ஒருவர் நிதி கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இசைக்கருவி இயற்பியல் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நமக்கு நிறைய இழப்பை உண்டாக்கியிருக்கிறது.

சரி, கனத்துக்கு வருவோம். பியானோக் கட்டை ஒரு நெம்புகோல். விரல் சுமார் 1 செ.மீ. கீழே போனால் சுத்தியல் ஏறத்தாழ 5 செ.மீ. மேலே போகிறது. சுத்தியல் 10 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மடங்கு உயரம் ஏறுவதால் விரலுக்கு ஐந்து மடங்கு எடை தெரியும்: 50 கிராம். பியானோக் கட்டையைக் கீழே இறக்கத் தேவையான எடையும் கிட்டத்தட்ட அதுதான்.

இது கட்டையை மெதுவாக அழுத்தும்போது. வேகமாக அடித்தால் கணக்கே மாறுகிறது. விரலைவிடச் சுத்தியல் ஐந்து மடங்கு வேகமாக முடுக்கப்பட வேண்டும். அதற்குச் சுத்தியலிடத்தில் ஐந்து மடங்கு விசை வேண்டும். அந்த விசை நெம்புகோல் வழியாக விரலுக்கு வரும்போது இன்னொரு ஐந்து மடங்கு பெருகுகிறது. ஐந்தைந்து இருபத்தைந்து. அதே 10 கிராம் சுத்தியல், வேகமாக அடிக்கும் விரலுக்கு 250 கிராமைத் தள்ளுவது போல இருக்கும்! எடைக்கு ஐந்து மடங்கு, நிலைமத்துக்கு (வேகம் மாற மறுக்கும் குணத்துக்கு) இருபத்தைந்து மடங்கு. ஒரே பொருளுக்கு இரண்டு கனம். எது தெரியும் என்பது நீங்கள் எப்படித் தொடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்த அன்று எனக்கு உண்டான சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

கட்டையின் முன்பாகத்தில் ஈயத் துண்டுகளைப் பதிப்பதும் உண்டு. கிணற்று ஏற்றத்தில் எதிர்ப்பக்கம் கல் கட்டுவோமே, அந்த வேலையை இந்த ஈயம் செய்கிறது. எடை குறைந்தது போலிருக்கும். ஆனால் வேகமாக அடிக்கும்போது அந்த ஈயத்தையும் சேர்த்துத்தான் நகர்த்த வேண்டும். எடையை எதிர் எடையால் கழிக்கலாம், நிலைமம் கூடிக்கொண்டுதான் போகும்.

இப்போது அந்தக் குழந்தையின் 61 கட்டை கீபோர்டைப் பாருங்கள். உள்ளே இருப்பது ஸ்பிரிங். ஸ்பிரிங் தொடக்கத்தில் இளகி, அழுத்த அழுத்த இறுகும். சுத்தியல் நேர் எதிர்: முதலில் முரண்டு பிடித்து, ஓடத் தொடங்கியதும் விரலோடு ஒத்துப்போகும். ஸ்பிரிங்கில் பழகிய விரல் அந்த முதல் முரண்டுக்கு எதையும் கொடுக்கப் பழகவில்லை. அதனால்தான் டீச்சர் வீட்டில் சுரம் கேட்கவில்லை. விரலில் பலம் போதாது, ரப்பர் பந்தை அழுத்தச் சொல்லுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

டிஜிட்டல் பியானோவில் கம்பி இல்லை. பழுதான ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன்: ஒவ்வொரு கட்டையோடும் இணைந்து ஓர் இரும்புத் துண்டு ஆடுகிறது, அதுதான் சுத்தியல். கட்டைக்குக் கீழே ரப்பர் குமிழ்க்குள் முன்னும் பின்னுமாக மூடும் இரண்டு தொடுமுனைகள். இரண்டுக்கும் இடையே கழிந்த நேரத்தை அளந்து, வேகத்தை 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக மாற்றுகிறது சில்லு. மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேச 1983இல் வந்த மிடி என்ற பொது மொழியின் கணக்கு அது. விலை குறைந்த கீபோர்டும் இதைச் செய்கிறது. அதைத்தான் கடையில் 'டச் சென்சிட்டிவ்' என்கிறார்கள். அளப்பது வேறு, கனம் வேறு. இரண்டையும் குழப்பி விற்கிறார்கள், கவனம்.

அடக்கம் என்ற சொல்லுக்கு இங்கே இரண்டு திசை உண்டு. வெள்ளைக் கட்டையின் அகலம் சுமார் 2.35 செ.மீ. 88 கட்டையில் வெள்ளை 52, ஆகவே கட்டைகள் மட்டுமே 122 செ.மீ. பிடிக்கும். 73 கட்டை என்றால் வெள்ளை 43, 101 செ.மீ. போதும். இது ஒரு வழி: இரு ஓரங்களிலும் சில சுரங்களை விட்டுக்கொடுப்பது.

இன்னொரு வழி ஆழத்தை, அதாவது முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையான அளவை, குறைப்பது. யமஹா பி-45இன் ஆழம் 29.5 செ.மீ. காசியோ பிஎக்ஸ்-எஸ்1000இன் ஆழம் 23.2 செ.மீ.தான். மேசைமேல் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் 15 செ.மீ. முழுக் கட்டை அல்ல. அது சுழலும் புள்ளி மூடிக்கு உள்ளே இருக்கிறது. அந்தப் புள்ளி முன்விளிம்பிலிருந்து 18 செ.மீ. தள்ளி இருப்பதாகக் கொள்வோம். விளிம்பிலிருந்து 1 செ.மீ. உள்ளே அழுத்தினால் நெம்புகரம் 17 செ.மீ. கறுப்புக் கட்டைகளுக்கு நடுவே, 13 செ.மீ. உள்ளே அழுத்தினால் 5 செ.மீ. முன்னால் 50 கிராம் கேட்ட கட்டை இங்கே 170 கிராம் கேட்கும். விரல் இறங்கும் தூரமோ 3 மி.மீ.தான். சுழலும் புள்ளி 25 செ.மீ. தள்ளி இருந்தால் அதே இடத்தில் 100 கிராம் போதும். கறுப்புக் கட்டைகள் நிறைந்த பாட்டில் கட்டைவிரல் உள்ளேதான் போயாக வேண்டும், அங்கே இந்த வித்தியாசம் வலியாகத் தெரியும்.

என் தீர்ப்பு இதுதான்: இடம் இல்லையென்றால் அகலத்தில் குறையுங்கள், ஆழத்தில் குறைக்காதீர்கள். தொடக்க கிரேடுகளுக்கு, உள்ளே சுத்தியல் ஆடும் 73 கட்டை ஹாமர் ஆக்‌ஷன் போதும். டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்துவது போன்ற தேர்வுகளில் பியானோவுக்கும் எலக்ட்ரானிக் கீபோர்டுக்கும் பாடத்திட்டம் வேறு வேறு. மகள் எழுதப்போவது எது என்பதை மட்டும் டீச்சரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடைக்குப் போகும்போது பத்து ரூபாய் நாணயம் ஏழு எடுத்துச் செல்லுங்கள். ஒன்று சுமார் 7.7 கிராம், ஏழும் சேர்ந்து 54. நாணயம் வெள்ளைக் கட்டையைவிட அகலமானது, பக்கத்துக் கட்டையில் தட்டி நிற்கும். எனவே நடுவில் உள்ள ஒரு கறுப்புக் கட்டையின் முன்நுனியில் அடுக்குங்கள். மெல்ல இறங்கினால் எடை சரி. இன்னும் ஒன்றிரண்டு நாணயம் கேட்டாலும் பயமில்லை. அப்புறம் நாணயங்களை எடுத்துவிட்டு, மின்சாரம் போடாமலே ஒரு வெள்ளைக் கட்டையை முன்விளிம்பில் ஒருமுறையும் கறுப்புக் கட்டைகளின் இடுக்கில் ஒருமுறையும் வேகமாக அடிக்கச் சொல்லுங்கள். அடிப்பது உங்கள் மகளாக இருக்கட்டும். இரண்டாவது இடத்தில் அவள் விரல் முட்டி மடங்கினால் அடுத்த மாடலுக்குப் போய்விடுங்கள்.