விடுதலைத் தீர்ப்பை எதிர்த்துப் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம்

கடலூர் மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் நடந்த ஒரு கொலை வழக்கில் சந்தேகத்தின் பலனை அளித்து எதிரிகளை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களை, விடுதலை செய்துவிட்டால், அரசுத் தரப்பு அப்பீல் போகுமா என்று இறந்தவரின் தாய் காத்திருக்க வேண்டியதுதான் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். அது 2009 டிசம்பர் 31-க்கு முந்தைய நிலை. அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 372-ஆம் பிரிவு வழியே, பாதிக்கப்பட்டவருக்குத் தனி மேல்முறையீட்டு உரிமையைத் தந்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 413-ஆம் பிரிவிலும் அந்த உரிமை அப்படியே தொடர்கிறது. பாதிக்கப்பட்டவர் என்ற சொல்லில் அவருடைய பாதுகாவலரும் சட்டப்படியான வாரிசும் அடங்குவதால், அந்தத் தாயே மேல்முறையீடு செய்யலாம்.

எதிரி விடுதலையானாலும், குறைந்த குற்றத்துக்கு மட்டும் தண்டிக்கப்பட்டாலும், இழப்பீடு போதாவிட்டாலும் இந்த வழி திறந்திருக்கிறது. தண்டனைக் காலம் குறைவு என்ற ஒரே காரணத்துக்கு இது பயன்படாது. அதற்கு அரசுதான் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

எந்த நீதிமன்றத்துக்குப் போவது என்பதற்கு விதி எளிது: அதே வழக்கில் தண்டனை கிடைத்திருந்தால் எதிரி எங்கே அப்பீல் செய்வாரோ, அங்கேதான் நீங்களும் செல்ல வேண்டும். பண்ருட்டியிலோ புதுச்சேரியிலோ குற்றவியல் நடுவர் விடுவித்திருந்தால் அமர்வு நீதிமன்றம். அமர்வு நீதிமன்றமே விடுவித்திருந்தால் இரு ஊருக்கும் சென்னை உயர் நீதிமன்றம். அரசு உயர் நீதிமன்றத்துக்குப் போக முன் அனுமதி பெற வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு அது தேவையில்லை என்று மல்லிகார்ஜுன் கொடகலி வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காசோலை திரும்பிய வழக்கில் புகார்தாரரும் பாதிக்கப்பட்டவரே என்று 2025-இல் அதே நீதிமன்றம் கூறியிருக்கிறது.

உரிமை இருப்பதால் மட்டும் வெற்றி கிடைத்துவிடாது. விடுதலையான எதிரிக்கு, அவர் குற்றமற்றவர் என்ற அனுமானம் இன்னும் வலுப்படுகிறது; சாட்சியத்தை இரு விதமாகப் பார்க்க இடமிருந்தால் எதிரிக்குச் சாதகமான பார்வையே நிற்கும். ஆகவே 'எங்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை' என்று மட்டும் எழுதும் மனு நிற்காது. நேரில் பார்த்த சாட்சியின் எந்த வாக்குமூலத்தை விசாரணை நீதிமன்றம் கவனிக்கத் தவறியது, மருத்துவச் சான்றின் எந்த வரியைத் தவறாகப் புரிந்துகொண்டது என்று பக்கத்தோடு சுட்டிக் காட்ட வேண்டும்.

தீர்ப்பு வந்த உடனே சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டுவிடுங்கள். நகலின் பின்பக்கத்தில் மனுச் செய்த நாளும் நகல் தயாரான நாளும் முத்திரையாகக் குறிக்கப்பட்டிருக்கும். நகல் பெறச் செலவான நாள்கள் காலக்கெடுக் கணக்கில் கழிக்கப்படும் என்பதால் அந்த முத்திரை முக்கியமானது. 413-ஆம் பிரிவு காலக்கெடு எதையும் குறிப்பிடவில்லை. அதை நம்பித் தாமதிக்காமல் 30 நாள்களுக்குள் தாக்கல் செய்வதே பாதுகாப்பு. தாமதமானால் காரணங்களை விளக்கித் தனி மனுப் போட வேண்டியிருக்கும். பட்டியலினத்தவர், பழங்குடியினர் மீதான வன்கொடுமை வழக்குகளில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 14ஏ பிரிவின்படி 90 நாள்களுக்குள் உயர் நீதிமன்றத்தை அணுக வேண்டும்.

வழக்கறிஞர் கட்டணத்துக்கு வழியில்லாத பெண்களும், பட்டியலினத்தவரும், பழங்குடியினரும் வருமான வரம்பு எதுவும் இல்லாமலேயே இலவச சட்ட உதவி கேட்கலாம். கடலூரில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும், உயர் நீதிமன்ற மேல்முறையீட்டுக்குச் சென்னையில் உள்ள உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவிலும் மனுக் கொடுக்க வேண்டும். 15100 என்ற கட்டணமில்லா எண்ணிலும் வழி கேட்கலாம்.