சுகாதார உரிமையா, மருத்துவ உரிமையா?

ராஜஸ்தான் சட்டமன்றம் 2023 மார்ச் 21 அன்று ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. ஆங்கிலத்தில் அது 'ரைட் டு ஹெல்த்', இந்தியில் 'ஸ்வாஸ்த்ய கா அதிகார்'. தமிழ்ச் செய்திகளில் 'சுகாதார உரிமைச் சட்டம்' ஆகிவிட்டது. அன்றிலிருந்து தொலைக்காட்சி விவாதத்திலும், மற்ற மாநிலங்களுக்கும் இப்படி ஒரு சட்டம் தேவையா என்று பேசும் கட்டுரைகளிலும் இதே தொடர்தான். கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது. இது தவறான பெயர். ஏன் தவறு என்று ஒருமுறை விரிவாக எழுதிவிட வேண்டும்.

சுகாதார உரிமை என்று முதல்முறை கேட்கும் ஒருவருக்கு என்ன தோன்றும்? தெருவில் குப்பை அள்ள வேண்டும், சாக்கடை அடைப்பு எடுக்க வேண்டும், குடிதண்ணீரில் கழிவுநீர் கலக்கக் கூடாது, இவற்றைக் கேட்கும் உரிமை என்றுதான் தோன்றும். பாம்பு கடித்தவரை அள்ளிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினால், 'முதலில் அட்வான்ஸ் கட்டுங்கள்' என்று சொல்லாமல் சிகிச்சையை ஆரம்பிக்க வேண்டும் என்ற உரிமை தோன்றவே தோன்றாது. ஆனால் அந்தச் சட்டத்தின் உயிர்நாடியே இந்த இரண்டாவது உரிமைதான்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுகம், ஆதாரம் என்ற இரண்டு வடசொற்கள் சேர்ந்தது சுகாதாரம். சுகம் என்றால் நலம். இலங்கைத் தமிழர்கள் இன்றும் 'சுகமா இருக்கிறீங்களா' என்றுதான் விசாரிக்கிறார்கள். உடம்புக்கு முடியாவிட்டால் 'சுகமில்லை' என்கிறார்கள். நாமும் சுகப்பிரசவம் என்கிறோம். ஆதாரம் என்றால் தாங்கி நிற்பது. அப்படியானால் நலத்தைத் தாங்கி நிற்பது எதுவோ அதுதான் சுகாதாரம்: சுத்தமான தண்ணீர், மூடிய சாக்கடை, ஈ மொய்க்காத சாப்பாடு, கழிப்பறை. நலம் வேறு, நலத்தைத் தாங்குவது வேறு. ஆங்கில ஹெல்த், 'முழுமை' என்ற பொருளுள்ள பழைய வேரிலிருந்து வந்தது. இந்தியின் ஸ்வாஸ்த்யம் தன்னிலையில் நிலைத்திருப்பதைச் சொல்கிறது. மலையாளம், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஆரோக்கியத்தை வைத்துக்கொண்டன. ரோகம் இல்லாத நிலை என்று பொருள். இவை எல்லாமே ஆளின் நிலையைச் சொல்லும் சொற்கள். அக்கம்பக்கத்து மொழிகளுக்கு நடுவே நாம் மட்டும்தான் ஊரின் நிலையைச் சொல்லும் சொல்லை ஆளின் தலையில் கட்டியிருக்கிறோம்.

வழக்கிலும் இதைப் பார்க்கலாம். ஒரு தெருவைச் சுகாதாரக் கேடு என்போம். ஒரு ஆளை அப்படிச் சொல்ல மாட்டோம். பொதுச் சுகாதார வளாகம் என்று பலகை இருந்தால் அது கழிப்பறை என்று எல்லோருக்கும் தெரியும். உணவகத்தில் சுகாதார அதிகாரிகள் சோதனை என்றால் சமையலறையைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். 'என் சுகாதாரம் சரியில்லை' என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? 'உடம்பு சரியில்லை', 'உடல்நிலை மோசமாக இருக்கிறது' என்கிறோம். கடிதம் எழுதிய காலத்தில் 'நலம், நலமறிய அவா' என்று தொடங்கினோம். பேசுகிறவர்கள் இவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்திருப்பதை மொழிபெயர்ப்பாளர்கள்தான் குழப்புகிறார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஆரம்ப சுகாதார நிலையம் என்று அரசே பெயர் வைத்திருக்கிறதே, அங்கே காய்ச்சலுக்கு மருந்தும் கொடுக்கிறார்களே என்று கேட்பார்கள். சரி, நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நிலையங்கள் எதற்காக வந்தன? 1946இல் சர் ஜோசப் போர் (Bhore) என்பவர் தலைமையிலான அரசுக் குழு தன் அறிக்கையில் நோய்த் தடுப்பும் சிகிச்சையும் ஒரே இடத்தில் நடக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. தடுப்பூசி, கொசு ஒழிப்பு, குடிநீர்ச் சோதனை எல்லாம் அதில் பாதி வேலை. அந்தப் பாதிக்குச் சுகாதாரம் பொருந்தும். மற்றப் பாதியை அந்தப் பெயர் சொல்வதில்லை என்பதால்தான் மக்கள் அதைப் 'பி.எச்.சி.' என்றோ 'ஆஸ்பத்திரி' என்றோ சொல்லிப் போகிறார்கள். தவிர, ஒரு கட்டடத்துக்குப் பெயர் சற்றுப் பிசகினால் பெரிய நட்டமில்லை. கட்டடம் கண்ணுக்குத் தெரிகிறது. உரிமை கண்ணுக்குத் தெரியாது. ஒரு உரிமை தனக்கு இருக்கிறது என்று ஒருவர் அறிந்துகொள்வதற்கு அதன் பெயர்தான் முதல் வழி.

அரசமைப்புச் சட்டத்தையே பார்க்கலாம். ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் ஆறாவது பதிவு, ஹெல்த்தையும் சானிட்டேஷனையும் தனித்தனிச் சொற்களாக வைத்து, அவற்றுக்குப் பின் மருத்துவமனைகளையும் மருந்தகங்களையும் தனியே சொல்கிறது. மாநிலங்கள் இந்தத் துறையில் சட்டம் இயற்றும் அதிகாரம் அங்கிருந்துதான் வருகிறது. மூலத்தில் பிரித்து வைத்த இரண்டையும் தமிழில் ஒரே சொல்லுக்குள் அடைத்தால், சட்டம் எதைப் பற்றியது என்று படிப்பவர் எப்படிப் புரிந்துகொள்வார்? சுகாதாரம் என்ற சொல் தன் இடத்தில் மிக நல்ல சொல் என்பதையும் சொல்ல வேண்டும். 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் தண்ணீர் வழங்கல், வடிகால், தொற்றுநோய், திருவிழாக் கூட்டங்களில் செய்ய வேண்டிய ஏற்பாடு ஆகியவற்றைப் பேசுகிறது. அதைச் சுகாதாரச் சட்டம் என்பது நூற்றுக்கு நூறு சரி. வடசொல் என்பதற்காக அதைத் தூக்கி எறியச் சொல்லும் கட்சி இல்லை நான்.

ராஜஸ்தான் சட்டம் அந்த வகையே இல்லை. அதன் மூன்றாவது பிரிவில் 20 உரிமைகள் வரிசையாக இருக்கின்றன. அரசு மருத்துவமனைகளில் வெளிநோயாளர், உள்நோயாளர் சிகிச்சையும் மருந்தும் பரிசோதனையும் இலவசம். விபத்து, பாம்புக்கடி, விலங்குக்கடி போன்ற அவசர நேரத்தில் முன்பணம் இல்லாமல் சிகிச்சை. நோயாளியால் பிறகும் கட்ட முடியாவிட்டால் அரசு அந்தத் தொகையைத் தர வேண்டும். நோய் என்ன, என்ன சிகிச்சை, என்ன பின்விளைவு, எவ்வளவு செலவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை, அறுவை சிகிச்சைக்கு முன் விளக்கம் கேட்டு ஒப்புதல் தரும் உரிமை, தன் மருத்துவக் குறிப்புகளையும் விவரமான பில்லையும் வாங்கும் உரிமை எல்லாம் உண்டு. ஆண் மருத்துவர் பெண் நோயாளியைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்கலாம். இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்கலாம். மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரையும், அடுத்த தடவையிலிருந்து 25,000 ரூபாய் வரையும் அபராதம். இந்தப் பட்டியல் முழுக்க நோயாளிக்கும் மருத்துவமனைக்கும் இடையே நடப்பவை. துடைப்பமும் வடிகாலும் இதில் எங்கே வருகின்றன?

பெயர் பிசகியதால் அந்தச் சட்டத்தைச் சுற்றி நடந்த சண்டையும் தமிழ் வாசகருக்குப் புரியாமல் போனது. தனியார் மருத்துவர்கள் ஜெய்ப்பூர் தெருக்களில் இறங்கினார்கள், மருத்துவமனைகளை மூடினார்கள். ஏப்ரல் 4 அன்று அரசோடு உடன்பாடு வந்த பிறகுதான் போராட்டம் ஓய்ந்தது. 50 படுக்கைகளுக்குக் குறைந்த தனியார் மருத்துவமனைகளையும், அரசிடம் நிலமோ சலுகையோ பெறாதவற்றையும் சட்டத்திலிருந்து விலக்கி வைக்க அரசு ஒப்புக்கொண்டது. 'சுகாதார உரிமையை எதிர்த்து மருத்துவர்கள் போராட்டம்' என்று தலைப்புப் போட்டால், சுத்தத்தை மருத்துவர்கள் ஏன் எதிர்க்கிறார்கள் என்று படிப்பவர் விழிக்க மாட்டாரா? அவர்கள் எதிர்த்தது முன்பணம் வாங்காமல் சிகிச்சை தரும் கடமையை. எது அவசரம், யார் பணம் தருவார்கள், எப்போது தருவார்கள் என்பதுதான் அவர்கள் கேள்வி. அதில் அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. இரண்டு தரப்பையும் எடைபோட வேண்டுமானால் எதைப் பற்றிய சண்டை என்று முதலில் தெரிய வேண்டும் அல்லவா?

இந்த உரிமையின் வேர் நீதிமன்றத்திலும் இருக்கிறது. மேற்கு வங்கத்தில் 1992 ஜூலையில் ஹக்கீம் சேக் என்ற தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். ஒன்றன்பின் ஒன்றாகப் பல அரசு மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோனார்கள். இங்கே வசதி இல்லை, அங்கே படுக்கை இல்லை. கடைசியில் தனியார் மருத்துவமனையில் சுமார் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். 1996இல் உச்ச நீதிமன்றம், வேளைக்குச் சிகிச்சை தராமல் விட்டது அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையை மீறியது என்று சொல்லி 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்த மனிதருக்கு மறுக்கப்பட்டது மருத்துவம்.

அடுத்த போட்டிச் சொல் நல்வாழ்வு. தமிழக அரசின் துறைப் பெயரே மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை என்பதால், 'நல்வாழ்வு உரிமை' அல்லது 'நலவாழ்வு உரிமை' என்று எழுதலாம் என்கிறார்கள் தனித்தமிழ் அன்பர்கள். அழகான சொல். காதுக்கும் இனிமை. உலக சுகாதார நிறுவனத்தின் 1946ஆம் ஆண்டு அமைப்புச் சாசனம் ஹெல்த் என்பதை உடல், மனம், சமூகம் மூன்றிலும் முழுதாக நலமாக இருப்பது என்றும், நோயில்லாமல் இருந்தால் மட்டும் போதாது என்றும் வரையறுக்கிறது. அந்த அகன்ற கருத்துக்கு நலவாழ்வைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல் கிடையாது. ஆரோக்கியம்கூட அங்கே போதாது, அது நோயின்மையோடு நின்றுவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பெயரிலேயே நலவாழ்வு இருந்திருக்க வேண்டும்.

ஆனால் ஒரு மாநிலச் சட்டத்துக்கு அகலம் மட்டும் போதாது. நல்ல வாழ்வு என்றால் வேலை, வீடு, சாப்பாடு எல்லாம் அதில் வந்துவிடும். நலம் என்ற சொல்லை நலத்திட்டம், மாணவர் நலன், ஆதிதிராவிடர் நலத்துறை என்று அரசு ஏற்கெனவே பல வேலைக்குப் பயன்படுத்துகிறது. ராத்திரி 2 மணிக்கு அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்பவர் 'எனக்கு நல்வாழ்வு உரிமை இருக்கிறது' என்றால் எதிரில் இருப்பவருக்கு என்ன புரியும்? உடல்நல உரிமை சற்று நெருங்கி வருகிறது. ஆனால் மனநலத்தை அது வெளியே விட்டுவிடுகிறது.

என் பரிந்துரை மருத்துவ உரிமை. சட்டம் எதைத் தருகிறதோ அதை அப்படியே சொல்கிறது. அரசே ஏற்கெனவே இந்தப் பாதையில்தான் போயிருக்கிறது. ஹெல்த் இன்ஷூரன்ஸுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்றுதான் பெயர். சுகாதாரக் காப்பீடு என்று வைக்கவில்லை. 2021இல் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் திட்டம் வந்தபோது 'மக்களைத் தேடி மருத்துவம்' என்றார்கள். யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

மருத்துவம் என்றால் மருத்துவர் செய்யும் வேலை மட்டும்தானே, செவிலியர் கவனிப்பும் நோயாளியின் உரிமையும் அதில் அடங்குமா என்று ஒரு நண்பர் கேட்டார். திருக்குறளின் 950ஆவது குறளில் பதில் இருக்கிறது. நோய் உற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிலிருந்து கவனிப்பவன் ஆகிய நான்கு கூறும் சேர்ந்ததே மருந்து என்கிறார் வள்ளுவர். அந்த வரிசையில் முதலில் வருபவர் நோயாளி. பிறகென்ன? மருத்துவத் தொழில் செய்யும் உரிமை என்று குழம்பாதா என்பது இன்னொரு கேள்வி. தொழில் செய்ய அரசு தருவது உரிமம். உரிமை என்ற சொல்லை அங்கே யாரும் பயன்படுத்துவதில்லை.

இதோடு சேர்த்து வேறு சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். 'சுகாதாரப் பராமரிப்புக்கான அணுகல்' என்று ஒரு தொடர் இப்போது அறிக்கைகளில் பெருகிவிட்டது. மூன்று சொல்லும் தவறு. பராமரிப்பு கட்டடத்துக்கும் தோட்டத்துக்கும் வண்டிக்கும் சொல்வது. அணுகல் என்பது கிட்டே போவது. 'மருத்துவ வசதி எல்லோருக்கும் கிடைக்க வேண்டும்' என்றால் வேலை முடிந்தது. 'சுகாதாரப் பணியாளர்' என்று கொரோனா காலத்தில் எழுதினார்கள். செவிலியரா, தூய்மைப் பணியாளரா என்று தெரியாமலே இழப்பீட்டுச் செய்திகளைப் படித்தோம். இரண்டு பேரும் உயிரைக் கொடுத்து உழைத்தவர்கள். தனித்தனியாகப் பெயர் சொல்லும் மரியாதையாவது அவர்களுக்குத் தந்திருக்கலாம். 'மன சுகாதாரம்' என்றுகூட எழுதுகிறார்கள். மனநலம் என்ற சொல் கைவசம் இருக்கும்போது இது எதற்கு? ஹெல்த் என்று கண்ணில் பட்டதும் வாக்கியத்தைப் படிக்காமல் கை தானாகச் சுகாதாரம் என்று அடித்துவிடுகிறது. மொழிபெயர்ப்பு மென்பொருளும் அதையே கற்றுக்கொண்டு அதையே திருப்பித் தருகிறது.

கொஞ்சம் சிக்கலானது அசாம் சட்டம். 2010இல் வந்த அந்தச் சட்டத்தின் பெயரே பொதுச் சுகாதாரச் சட்டம் என்ற பொருளில் இருக்கிறது. உள்ளே அவசர நோயாளிக்கு முதல் 24 மணி நேரம் எல்லா மருத்துவமனைகளும் இலவசச் சிகிச்சை தர வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. சட்டத்தின் பெயரை நாம் மாற்ற முடியாது. அசாம் பொதுச் சுகாதாரச் சட்டம் என்றே எழுதலாம். ஆனால் அந்த விதியைப் பற்றிய செய்தி என்றால் தலைப்பில் 'அவசர மருத்துவ உரிமை' என்று போடுங்கள். ராஜஸ்தானுக்கு அந்தத் தயக்கமும் வேண்டாம். ராஜஸ்தான் மருத்துவ உரிமைச் சட்டம், 2023.